செவலையின் முதுகுச் சுழி

மாட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கழுத்திலிருந்து வாலை நோக்கி நீவிக்கொண்டே போனால், ஒரே பக்கமாகப் படிந்திருக்கும் மயிர் ஓரிடத்தில் மட்டும் வழி மாறி, விரல் நுனியில் சின்ன நீர்ச்சுழி போலத் தட்டுப்படும். செவலைப் பசு ஒன்றின் முதுகில் அப்படியொரு சுழியை என் பதினோராம் வயதில் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் நின்ற மாடு என்பதால் தோல் சுட்டது. தொட்ட இடம் ஈ மொய்த்ததுபோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

அப்போது நாங்கள் ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா வேலை பார்த்த மில் மூடிவிட்டது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தெருவே அவரை "சொல்தா" என்றுதான் சொல்லும். பாரிசிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறான், வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று அவரும் அதே சமயத்தில் சொல்லிவிட்டார். இரண்டும் ஒன்றாக வந்ததில் அப்பாவுக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. இனி ஒருவனிடம் போய்க் கைகட்டி நிற்பதில்லை என்று, மில்லில் கிடைத்ததையும் அம்மாவின் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்து, காலாப்பட்டுக்கு மேற்கே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஒரு துண்டு செம்மண் நிலத்தை வாங்கி, அதில் கீற்றுக் கொட்டகை ஒன்றும் போட்டார்.

நிலம் ஆகிவிட்டது, அதில் என்ன வளர்ப்பது என்பதுதான் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு. அம்மாவுக்கு ஆடு வேண்டும். "வெள்ளாடு கடிச்ச செடி துளிர்க்காது" என்று யாரோ பெரியவர் சொன்னதை அப்பா பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தோப்புக்காரரின் முந்திரிக் கன்றை நம் ஆடு கடித்தால் போன அன்றே சண்டை என்றார். எருமைக்குப் புரளக் குட்டை இல்லை. கோழி வளர்க்கலாம், ஆனால் தோப்பெல்லாம் கீரி. நான் வாத்து கேட்டேன், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பசு என்று முடிவாயிற்று. "மாதாவைப் பார்த்துப் பெண்ணைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள்" என்று சொல்லிக்கொண்டு அப்பா வாரச் சந்தைகளுக்கு அலைந்தார். தொழிற்சங்கத்தில் இருந்தவர், கோயில் பக்கமே போகாதவர். சந்தையில் மாட்டின் சுழியைப் பார்த்து விலை பேசுகிறவர்களைப் பற்றி வீட்டில் வந்து சிரிப்பார். "பல்லு, மடி, கொளம்பு. இது மூணையும் பாத்தாப் போதும். மயிர்ல இன்னா இருக்குது?" என்பார்.

அவர் தேடிய பசு எங்கள் தெருவிலேயே இருந்தது. அம்சா அத்தையின் செவலை. அத்தை என்பது உறவால் அல்ல. அவள் கணவர் அப்பாவோடு மில்லில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், அவள் அப்பாவை அண்ணா என்பாள், அதனால் எனக்கு அத்தை. மில் மூடிய சில மாதங்களிலேயே அவருக்கு மஞ்சள்காமாலை வந்து, நாட்டு மருந்தும் ஆஸ்பத்திரியுமாக அலைக்கழித்து, போய்விட்டார். அவர் பாடையை முன்னால் தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். அதன்பிறகு இரண்டு சின்னப் பிள்ளைகளையும் அந்தப் பசுவை வைத்துத்தான் அவள் காப்பாற்றினாள். எங்கள் வீட்டுக் காப்பிக்கும் அவள்தான் பால் ஊற்றினாள். இப்போது அண்ணன் வீட்டோடு லாஸ்பேட்டைக்குப் போகிறாள், அங்கே மாடு கட்ட இடமில்லை, விற்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அப்பா ஒரு மாட்டுத் தரகரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

தரகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டைச் சுற்றி வந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடியை அழுத்தினார், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அத்தை ஒரு விலை சொன்னாள், நியாயமான விலைதான். அப்பா அதற்குக் கீழே கேட்டார். அவள் தயங்கினாள், பிள்ளைகளின் படிப்பைச் சொன்னாள். அப்போதுதான் தரகர் மாட்டின் முதுகில் கையை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இன்னாம்மா, இத்த மறைச்சிட்டியே. பாடைச்சுழி இது."

"அப்படின்னா?" என்றாள் அத்தை.

"இது இருக்கிற வூட்ல ஒரு பாடை வுழும்னு அர்த்தம். வுழுந்துதா இல்லியா, நீயே சொல்லு."

அத்தை அதுவரை மாட்டின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். சந்தைக்குச் சந்தை சுழிக்காரர்களைக் கேலி செய்த அப்பா, இந்த இடத்தில் ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அத்தை, "நீங்களே பாத்து ஒரு வெல குடுங்கண்ணா" என்றாள். கயிறு கைமாறியது. கயிற்றைக் கொடுக்கும்போது, "தெரிஞ்சும் வாங்குறீங்களேண்ணா" என்று மட்டும் அவள் கேட்டாள். அப்பா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். தரகர் போனபிறகுதான் நான் அந்தச் சுழியைத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "அதெல்லாம் யாவாரப் பேச்சும்மா" என்றார் அப்பா, நான் எதுவும் கேட்காமலேயே. எனக்கு அன்று வருத்தம் இருந்ததா என்றால், இல்லை. பசுவோடு வந்த கன்றுக்குட்டியின் கயிறு என் கையில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தெருமுனை திரும்பும்வரை நான் பின்னால் பார்க்கவே இல்லை.

காலாப்பட்டுக்குக் குடிபோன நாளிலிருந்தே செவலை பாலை அடக்கிக்கொண்டது. மடி கனத்துத் தொங்கும், கன்று முட்டும், அம்மா போய் உட்கார்ந்தால் காலை உதறும். ஒரு சொட்டு இறங்காது. பழைய ஆளின் வாசனைக்குத்தான் அது பால் விடும், அவள் கட்டிய புடவை ஒன்றை வாங்கிவந்து கட்டிக்கொண்டு கற என்று தோப்புக்காரர் வீட்டு அம்மாள் சொல்லிக்கொடுத்தாள். அம்மா பஸ் ஏறி லாஸ்பேட்டைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் முகமே சரியில்லை. கையில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு பழைய புடவை. அதைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "அந்தத் தரகன் இன்னா சொன்னான் அவகிட்ட?" என்றாள்.

அப்பா சொன்னார். சொல்லும்போது பாதியில் அவர் குரல் இறங்கிப்போனது.

அத்தை புடவையைக் கொடுத்துவிட்டு அம்மாவை உட்காரவைத்து, அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். அவருக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காசு வேறு முடிந்து வைத்திருக்கிறாள். அந்த மாட்டைச் சந்தையில் தேர்ந்தெடுத்ததே அவள்தானாம். கணவர் கறுப்பு மாடு ஒன்றைக் காட்டியிருக்கிறார். இவள்தான் செவலை அழகாயிருக்கிறது என்று அடம்பிடித்து வாங்கவைத்திருக்கிறாள். "நானே தேடிப் போயி எமனை ஓட்டியாந்தேன்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"நீங்க நம்பாத ஒண்ண அவ தலைல கட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள் அம்மா. அப்பாவை அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு புடவையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். செவலை தலையைத் திருப்பி முகர்ந்து பார்த்தது. சற்று நேரத்தில் பாத்திரத்தில் பால் விழும் சத்தம் கேட்டது. அன்று அம்மா ஆற்றிக் கொடுத்த பாலை நான் குடித்தேன். அப்பா காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் லாஸ்பேட்டைக்குப் போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. சிறுபிள்ளை கூட இருந்தால் பேச்சு சுலபமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அத்தையின் அண்ணன் வீட்டு வாசலில் நின்றபடியே, குறைத்த பணத்தை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னார். "சுழி கிழி எல்லாம் பொய்ம்மா. வெலையக் கொறைக்கறதுக்குச் சொன்னது. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாய மூடிக்கினு நின்னேன். ஒம் புருசன் செத்தது காமாலைல."

அத்தை பணத்தை வாங்கவில்லை. அப்பாவைப் பரிவோடு பார்த்தாள். "எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. தெரியுதுண்ணா. ஒங்க நல்ல மனசுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. அந்த மாட்ட வித்துடுங்க." எவ்வளவு சொல்லியும் அவள் அதையேதான் திரும்பச் சொன்னாள். பொய்யை ஒரு நொடியில் நம்பியவள் உண்மையை ஏன் நம்ப மறுக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அந்தப் பொய் அவளுக்கு நடந்துபோனதை விளக்கிவிட்டது; அப்பாவின் உண்மை எதையும் விளக்கவில்லை. இதை நான் புரிந்துகொள்ள வெகுகாலமாயிற்று.

அப்பா மாட்டை விற்கவில்லை. விற்றால் சுழி உண்மை என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றார். அது உண்மையான காரணமா, செவலை கறந்த பாலில்தான் எங்கள் வீடு நடந்தது என்பது காரணமா, எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகக் குடியிருப்புக்கு நாங்கள்தான் பால் கொடுத்தோம். நான் கல்லூரி முடித்ததும் கொட்டகை ஓட்டு வீடானதும் அந்த மாட்டாலும் அதன் கன்றுகளாலும்தான். ஒவ்வொரு ஈற்றுக்கும் அப்பா தூக்குவாளியில் சீம்பால் எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போவார். பால் கொடுப்பது சாக்கு. தான் கல்லுக்குண்டாக இருப்பதை அவளுக்குக் காட்டத்தான் போனார். அதற்காகவே பீடியை விட்டார். சளி பிடித்திருந்தால் போகமாட்டார், குணமான பிறகுதான் போவார். அத்தை அவரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவாளாம். செவலை கிழடாகி இறந்த செய்தியைச் சொன்னபோது, "அப்பாடா" என்றாளாம்.

போன வருடத்துக்கு முந்தைய வருட மழைக்காலத்தில் அப்பா இறந்தார். எழுபதைத் தாண்டியவர், படுத்த படுக்கையாகக் கிடக்காமல், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கொடுத்துவைத்த சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அத்தை, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், நேராகப் போய் அம்மாவின் காலில் விழுந்தாள்.

"மன்னிச்சிடுக்கா. அன்னிக்கே விக்கச் சொன்னேன், கேக்கலியே அண்ணன். ஒன் தாலிய நாந்தான் வாங்கிட்டேன்."

சாவு வீட்டில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவளைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டு, "அது இல்ல அம்சா, அது இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் அன்று அழ வேண்டிய நேரத்தில் இன்னொருத்தியைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

காலாப்பட்டு நிலத்தைப் போன வருடம் விற்றுவிட்டோம். முந்திரித் தோப்பு இருந்த இடமெல்லாம் வண்ணம் பூசிய மனைக்கற்கள். எங்கள் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் மாணவர்களுக்கான விடுதி ஒன்று எழும்புகிறது. அந்தப் பக்கத்தில் இப்போது மாடு வைத்திருக்கிறவர் எவருமில்லை, மாட்டுத் தரகு பேசுகிறவரும் இல்லை. அம்மா என்னோடு ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறாள். பாக்கெட் பாலில் காப்பி போட்டுக் குடிக்கிறோம்.

சென்ற மாதம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். அலுவலகத்துக்குச் சொன்னேன், சொந்தக்காரர்களுக்கெல்லாம் அம்மாவே சொன்னாள். அம்சா அத்தைக்கு மட்டும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்து அவளிடமிருந்து போன் வந்தது. மாதத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டு விசாரிப்பது அவள் வழக்கம். தையல் போட்ட இடம் இழுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரல் கம்மாமல் இருக்க ஒரு வாய் வெந்நீர் குடித்தேன்.

"எங்கம்மா இருக்க? ஒடம்பு ஒண்ணும் இல்லியே?"

"வூட்லதான் இருக்கேன் அத்தை" என்றேன். "நல்லா இருக்கேன்."