காற்றோட்டம் அத்தானின் படுக்கையறைகள்

என் அக்காவின் கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் காற்றோட்டம் அத்தான். தண்ணீர் டேங்க் விற்கும் கடை வைத்திருந்தவர், வீடு கட்டும்போது மட்டும் தன்னை எஞ்சினியர் என்று நினைத்துக்கொண்டார். "கதவு எதுக்கு? குடும்பம்னா ஒளிவு மறைவு இருக்கக் கூடாது. காத்து நல்லா ஓடணும்" என்று சொல்லி, மாடியும் கீழுமாக நான்கு படுக்கையறைகளுக்கும் வெறும் ஆர்ச் வளைவு வைத்துக் கட்டினார். குளியலறைக்கு மட்டும் பெரிய மனது பண்ணிக் கதவு போட்டார்.

அந்த வளைவுகளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பூரித்துப்போவார். மாடியில் அவர் விடும் குறட்டை கீழே அடுப்படியில் கேட்கும். அடுப்படியில் வெங்காயம் வதக்கினால் மாடியில் தலையணை மணக்கும். அவள் தங்கச்சி நான் போனால் துணி மாற்றுவது குளியலறையில்தான், ஈரத் தரையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு. அக்கா அம்மாவிடம் போனில் பேசுவதும் அங்கேதான், குழாயைத் திறந்துவிட்டு. அழுவதும் அங்கேதான் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு கதவு கேட்டுக் கேட்டு அவள் வாய் ஓய்ந்துபோனது. கடைசியில், "இந்த வீட்ட வித்துட்டுக் கதவுள்ள வீடா பாருங்க. இல்லன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். அத்தான் ஆடிப்போய் விற்கச் சம்மதித்தார்.

வாங்க ஒருவர் வந்தார். அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி, வீட்டை அளந்து மதிப்புப் போட ஒரு பெண்ணை அனுப்பியது. அத்தான் முன்னால் நடந்து ஒவ்வொரு வளைவாகத் தடவிக் காட்டினார். அவள் எதையும் ரசிக்காமல் அளந்துகொண்டே வந்தாள்.

"பெட்ரூம் எங்க சார் இருக்கு?"

"இப்பப் பாத்தீங்களே, நாலும் பெட்ரூம்தாம்மா."

"கதவில்லாததை நாங்க பெட்ரூம்னு எழுத மாட்டோம் சார். ஹால் அஞ்சு, பெட்ரூம் இல்லைன்னுதான் எழுதணும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாளே அத்தான் தச்சரைக் கூட்டி வந்தார். இத்தனை வருஷம் கட்டிய மனைவி சொல்லி அசையாத மனுஷன், முகம் தெரியாத பெண் ஒரு வார்த்தை சொன்னதும் ஓடினார். வளைவில் கதவு நிற்குமா? ஆசை ஆசையாய்க் கட்டியதை இடித்துத்தான் நிலை வைக்க வேண்டியிருந்தது. காற்றோட்டம் நன்றாக இருந்ததால் சிமென்ட் தூசி ஒரு மூலை விடாமல் போய்ச் சேர்ந்தது. அத்தான் தும்மித் தீர்த்தார்.

முதல் கதவு மாட்டி முடிந்ததும் அக்கா உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அத்தானுக்குப் பதறிவிட்டது. "உள்ள என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன்."

"வாங்கறவரு சாயங்காலம் வராரே?"

"வர வேணாம்னு சொல்லிடுங்க. எனக்கு வேண்டியது வந்தாச்சு."

ஒரு பலகைக்காகவா இவளை இத்தனை காலம் குழாயடியில் அழவிட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோ திருதிருவென்று விழித்தார்.

"இப்ப நான் என்ன பண்றது?"

"தட்டிப் பாருங்க அத்தான்" என்றேன்.

சொந்த வீட்டில் முதல் முறையாகத் தட்டினார்.

"அப்புறம் வாங்க" என்றாள் அக்கா.