கஞ்சிக்கு 'ஓ'வை விட்டவர்கள்

மேற்குக் கார்க் மாவட்டத்து அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஹெகர்ட்டி தலையில்தான் விழும். அதனால் வீட்டுக்கு வீடு அடைமொழி: ஆலை ஹெகர்ட்டி, செம்பட்டை ஹெகர்ட்டி. டீலியாவின் வீட்டுக்கு வாய்த்தது கஞ்சி ஹெகர்ட்டி.

உருளைக்கிழங்கு அழுகி ஊரே செத்த பஞ்சத்தில் அவளுடைய பாட்டனின் அப்பன் இங்கிலீஷ் பாதிரியின் கஞ்சித்தொட்டிக்குப் போனான். கஞ்சி வேண்டுமா, என் கோயிலுக்கு வா, ஓ'ஹெகர்ட்டி என்று பேருக்கு முன்னால் இருக்கிற அந்த 'ஓ'வையும் விடு என்றார் பாதிரி. 'ஓ' என்றால் இன்னார் வழி வந்தவன் என்று அர்த்தம். பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடக்கும்போது வழியாவது வம்சமாவது! விட்டான். பஞ்சம் தீர்ந்ததும் பழைய கோயிலுக்கே திரும்பினான், ஊர் மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் மற்ற ஹெகர்ட்டிகளும் வேலைக்கும் குத்தகைக்கும் 'ஓ'வை உதிர்த்தவர்கள்தான். நாடு விடுதலையானதும் சட்டை மாட்டுகிற மாதிரி திரும்ப மாட்டிக்கொண்டார்கள். கஞ்சி வீடு மாட்டியிருந்தால் ஊர் கைகொட்டிச் சிரித்திருக்கும்.

டீலியாவைப் பெண் கேட்டு வந்தவன் அடைமொழி காதில் விழுந்ததும் வந்த வழியே போனான். அண்ணன் டோனல் வீட்டில் மாடு கறந்தே அவள் தலை நரைத்தது.

டோனல் செத்தான். அங்கே சவப்பெட்டியை அதே பேர்க்காரர் நாலு பேர் தூக்க வேண்டும். இல்லையென்றால் நாதியற்றவன் மாதிரி வண்டியில்தான் போக வேண்டும். மதுக்கடை வைத்திருந்த மாலக்கி ஓ'ஹெகர்ட்டியிடம் போய் நின்றாள்.

"நாலு தோள் வேணும், மாலக்கி."

"எனக்கு மனசிருக்கு டீலியா. எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. 'ஓ' இருக்கறவன் வேற, வித்தவன் வேற."

"உங்கப்பனத் தூக்க ஆளு கொறஞ்சப்ப எங்கண்ணனத்தானே கூப்ட்டே? அன்னிக்குக் கஞ்சி நாறலையோ?"

மாலக்கி கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் டோனலின் மூன்று பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மூவருக்கும் இன்னும் கல்யாணமாகவில்லை. கோயில் வாசலில் மூத்தவள் கேட்டாள்:

"யாரு அத்தை தூக்கறது?"

"உங்க மூணு பேருக்கும் என்னடி பேரு?"

"ஹெகர்ட்டி."

"எனக்கும் அதான். குனிங்கடி."

அந்த ஊரில் பெண்கள் பெட்டிக்குத் தோள் கொடுத்ததே இல்லை. ஓ'ஹெகர்ட்டிகள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று வாய் பிளந்தார்கள். கல்லறை மேட்டில் கடைசிப் பெண்ணுக்குக் கால் தடுமாறியது. மாலக்கிக்கு என்ன தோன்றியதோ, ஓடிவந்து தோளை நீட்டினான்.

"குடு டீலியா, பாவம் புள்ளைங்க."

"தள்ளு," என்றாள் டீலியா, மூச்சு வாங்க. "அன்னிக்கு அந்தக் கஞ்சியக் குடிச்சதாலதான் இன்னிக்கு இவனத் தூக்க நாங்க நாலு பேரு உசுரோட இருக்கோம்."