என் பூசணிக்காயை அம்மா வாங்கிய கதை

கொடுத்ததையே திரும்ப வாங்குவதும், வாங்கியதையே திரும்பக் கொடுப்பதுமான ஒரு வியாபாரத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்பாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான். அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு. ஐப்பசி மழையில் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டிருந்தது. அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பள்ளி மைதானத்தில் விளையாட்டு, தின்பண்டக் கடை, கடைசியில் ஏலம் என்று அறிவித்திருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் போனோம். முன்னால் அப்பா, பின்னால் அம்மா, நடுவில் நான், என் மடியில் ஒரு பூசணிக்காய்.

காய் என்னுடையது. எங்கள் வீட்டுப் புறவாசலில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் தானாக முளைத்த கொடி. பிஞ்சாக இருந்தபோதே என் பெயரின் முதல் எழுத்தை அதில் ஊக்கால் கீறி வைத்திருந்தேன். காயோடு சேர்ந்து எழுத்தும் பருத்து, வெள்ளைத் தழும்பாக ஒரு சாண் அகலத்துக்கு நின்றது. அதை ஏலத்துக்குக் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னபோது எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தன.

மைதானத்தில் ஒரே சத்தம். கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஓடினார்கள். போதகர் பலூனைச் சுடுகிறேன் என்று ஐந்து குண்டையும் மரத்தில் சுட்டார். பிறகு தலைமையாசிரியர், ஊரில் எல்லோருக்கும் பெரிய சார், பெஞ்சின் மேல் ஏறி மைக்கைப் பிடித்தார்.

முதலில் ஒரு சேவல். பால்காரர் ஒருவர் அதை ஏலத்தில் எடுத்து, பணத்தைக் கொடுத்துவிட்டு, "திரும்ப ஏலத்துல விடுங்க சார்" என்றார். அடுத்து எடுத்த டீச்சரும் அதையே சொன்னார். மூன்று முறை விற்ற பிறகும் சேவல் பெஞ்சுக் காலிலேயே கட்டிக் கிடந்தது.

"சேவல் யாருக்கும்மா?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடம் சேவல் திங்குமா?"

"பேசாம இரிட்டி" என்றாள் அம்மா.

என் பூசணிக்காயைப் பெரிய சார் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் இருந்து பெரியப்பா, "ஏட்டி, அதுல இருக்கது உன் எழுத்துல்லா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பெரியப்பா அப்பாவின் சொந்த அண்ணன். தாத்தா இறந்த பிறகு, கிணற்று மோட்டார் யாருக்கு என்பதில் தொடங்கி இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனால் என்னைக் கண்டால் பெரியப்பா கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டார். வள்ளியூரில் அவருக்குப் பாத்திரக்கடை இருந்தது. அது மூடிக் கிடப்பதற்குக் காரணம் ஷட்டர் ரிப்பேர் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஷட்டரைச் சரிசெய்ய இத்தனை மாதம் ஆகுமா என்று நான் நினைத்ததுண்டு. பைக்கும் ரிப்பேர்தானாம். அன்று அவர் பஸ்ஸில் வந்திருந்தார்.

"எம் மவ காய். நூறு ரூவா!" என்றார் பெரியப்பா.

"இருநூறு" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். அப்பா!

எங்கள் காயை நாங்களே எதற்கு வாங்க வேண்டும்? காய்கறி வண்டிக்காரரிடம் இரண்டு ரூபாய்க்கு அரைமணி நேரம் நிற்கும் அப்பா, ஐந்நூறு என்றார், ஆயிரம் என்றார். பெரியப்பா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டினார். முதலில் சிரித்துக்கொண்டே கூட்டியவர், பிறகு சிரிக்காமல் கூட்டினார். கூட்டத்துக்குக் கொண்டாட்டம். "விடாதீங்க அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து விசில் பறந்தது. ஒரு டீச்சர் செல்போனில் படம் பிடித்தார். என் காய்க்கு இவ்வளவு விலையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றார் அப்பா.

பெரியப்பா நெற்றியைத் துடைத்தார். "அஞ்சு" என்றார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். "பெரியவங்களுக்கே இருக்கட்டும் சார்" என்றார். முகத்தில் நல்ல சிரிப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பேசாத அண்ணனுக்கு அப்பா எவ்வளவு மரியாதையாக விட்டுக்கொடுக்கிறார்! ஆனால் பெரியப்பா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் பெரியம்மா தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஐயாயிரம் ஒரு தரம்" என்றார் பெரிய சார். "ஐயாயிரம் ரெண்டு தரம்..."

"ஆறாயிரம்."

எனக்குப் பக்கத்திலிருந்து. என் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

மைதானமே சிரித்தது. பெரிய சார் மைக்கைத் தாழ்த்தி, "ஏம்மா, இது ஒங்க வீட்டுக் காய்தான?" என்றார்.

"ஆமா சார். நல்ல காய். ஆறாயிரம்."

"அண்ணாச்சி, மேக்கொண்டு கேக்கியளா?"

பெரியப்பா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ வீட்டுக்காரர் பேருல எழுதிக்கிடட்டுமாம்மா?"

"எம் பேருலயே எழுதுங்க. நானும் சம்பளம் வாங்குதேன்லா."

இன்னொரு சிரிப்பு எழுந்தது. அப்பாவின் சிரிப்பு மட்டும் எங்கோ போய்விட்டது.

"திரும்ப ஏலத்துல விடுவமா?" என்று பெரிய சார் ஆசையாகக் கேட்டார்.

"வேண்டாம் சார். வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றாள் அம்மா.

அம்மாவின் மேல் எனக்குக் கோபமாக வந்தது. அப்பா விட்டுக்கொடுத்ததை இவள் பிடுங்குகிறாளே. எல்லோரும் திருப்பிக் கொடுக்கும்போது இவள் மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறாளே. வீட்டுக்குப் போனதும் அப்பா சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அம்மா அந்தக் காயைப் புளிக்குழம்பு வைத்தாள், கூட்டு வைத்தாள், மிச்சத்தில் அல்வா கிண்டினாள். அப்பா மூன்றையும் தலை நிமிராமல் சாப்பிட்டார். என் எழுத்து இருந்த தோலை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அது நாலு நாளில் அழுகிவிட்டது.

ஆனால் அன்று முழுக்க என்னைக் குழப்பியது வேறொன்று. ஏலம் முடிந்து, காயை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா முன்வரிசையைத் தாண்டினாள். நான் பின்னால் போனேன். ஊரில் போதகர் வந்தால் பெரியப்பா எழுந்து நிற்பார். கலெக்டர் வந்தால் நிற்பாராக இருக்கும். தம்பி பெண்டாட்டி கடந்துபோகும்போது அண்ணன் எழுந்து நின்று நான் கண்டதே இல்லை. பெரியப்பா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. அம்மா அவரைப் பார்க்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவர் உட்காரவில்லை.

அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி உடைந்துபோயிருக்கும் என்று நினைத்து, குனிந்து பார்த்தேன். நாலு காலும் நன்றாகத்தான் இருந்தன.