ஒரு வரி குறைந்த பட்டியல்

"சந்தேகநபர் ஆண். வயது சுமார் முப்பத்தைந்து. மென்பொருள் பொறியியலாளர். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். உயர்தரக் கணினி முறைமையொன்றைப் பயன்படுத்திப் பாதுகாப்புத் தரப்பினரிடமிருந்து தகவலை மறைத்தவர்."

2008ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு தடுப்புக் காவல் பத்திரம் இப்படிச் சொல்கிறது. அதன் அடியில் கையொப்பமிட்ட சந்தேகநபருக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. பெண். பெயர் பாலேஸ்வரி. வெளிநாடு எதையும் கண்டதில்லை. கொழும்பையே ஐந்தாறு தடவைதான் கண்டிருந்தார். தலைமையகத்தில் இருந்த அதிகாரி ஒருவர் பத்திரத்தை எழுதி முடித்த பிறகே ஆளைப் பார்த்தார். பார்த்த பிறகு அதைத் திருத்த வேறொரு படிவம் வேண்டியிருந்தது. அது கைவசம் இல்லை.

பாலேஸ்வரி சாவகச்சேரிப் பக்கம். அரசாங்கத் தட்டெழுத்தாளராக 1974இல் மாத்தளைக்கு மாற்றலாகி வந்தவர். கலியாணம் செய்யவில்லை. சிங்களச் சோதனை பாஸ் பண்ணினார். ஓய்வு பெற்றதும் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு 'கொமினிகேஷன்' போட்டார்: தொலைபேசி, போட்டோக்கொப்பி, தட்டெழுத்து, பிறகு ஒரு கணினி.

கணினிச் சஞ்சிகைகளோடு வரும் இறுவட்டுகளிலிருந்து சின்னச் சின்ன மென்பொருள்களைப் பொறுக்கிச் சேர்ப்பது அவருடைய ஒரே ஆடம்பரம். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒன்று, ராகுகாலம் சொல்லும் ஒன்று, தவறுதலாக அழித்ததை மீட்கும் ஒன்று. பெரிய மென்பொருள்களில் அவருக்கு நம்பிக்கையில்லை. அவை பெரிய உத்தியோகத்தர்களைப் போல, எதற்கும் நேரம் எடுக்கும், என்ன செய்கின்றன என்று சொல்லாது என்பார். சின்னது தன் வேலையைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

2007இல் நகரத்தில் தங்கியிருக்கும் தமிழர் எல்லாரும் பொலிஸில் பதிய வேண்டும் என்று ஆனது. படிவம் சிங்களத்தில், இரண்டு பிரதி. மாத்தளைத் தமிழர் சிங்களத்தில் பேரம் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், கலியாணமும் பேசுவார்கள். எழுதத் தெரிந்தவர் குறைவு. விடியற்காலையிலேயே பொலிஸ் வாசலில் வரிசை நின்றது. பாலேஸ்வரி ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று கிழமை முயன்று ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினார். பெயர், பிறந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் கொடுத்தால் போதும். பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்பதை இலக்கத்திலிருந்தே கணக்கிட்டு, படிவத்தை நிரப்பி, தொடர் இலக்கமும் போட்டு, இரண்டு பிரதி அச்சடித்துத் தரும்.

எல்கடுவத் தோட்டத்திலிருந்து வந்து நகரத்தில் மகளோடு தங்கியிருந்த சுந்தரம்மாதான் அதில் முதற்பிழை பிடித்தவர்.

"என்னங்க மிஸ், கார்டுல மூணாந்தேதின்னு போட்டிருக்கு, ஒங்க மிசினு நாலுங்குது?"

அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த திகதி வருடத்தின் எத்தனையாவது நாள் என்று இருக்கும்; அதைப் பெப்ரவரிக்கு எப்போதும் இருபத்தொன்பது நாள் என்று வைத்துத்தான் எண்ணுவார்கள். பாலேஸ்வரிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"மிசின் உங்களை ஒரு நாள் இளமையாக்கிப்போட்டுது அம்மா."

"ஐயோ வேணாங்க! எளசுகளைத்தானே புடிச்சுக்கிட்டுப் போறாங்க. என்னையக் கெழவியாவே போடுங்க."

அன்றே திருத்தினார். அதற்குப் பிறகு அந்த நிரல் ஒரு தடவைகூடப் பிழைவிடவில்லை. பிழைவிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பாலேஸ்வரியோடு அப்போது தங்கையின் மகன் ஞானசுந்தரம் இருந்தான். வயது இருபத்தாறு. வவுனியாவில் வைத்திருந்தால் யுத்தத்தில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொண்டுபோய்விடும் என்று தாய் அனுப்பியிருந்தாள். தொலைபேசியில் தங்கை கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, அவனை உயிரோடை வைச்சிரு. வேறை ஒண்டும் வேண்டாம்." முதல் நாளே பாலேஸ்வரி அவனைப் பதிந்துவிட்டார்.

"பெரியம்மா, உங்கடை மிசினிலை நான் ஆர்?"

"ஏழாம் நம்பர்."

"ஆளில்லையோ?"

"நம்பர் இருந்தால்தான் இந்த ஊரிலை ஆள். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலை வை. தேடி எடுக்கிற நேரத்துக்கை அடி விழும்."

சில மாதங்களில் பொலிஸ் சார்ஜன் ஒருவர் வந்து, வடக்கில் பிறந்து முப்பத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மேலதிகமாக ஒரு பக்கம் வேண்டும் என்றார். அந்தப் பக்கம் இல்லாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாலேஸ்வரி நிரலில் இன்னொரு பொத்தான் வைத்தார். அதை அழுத்தினால் அப்படிப்பட்டவர்கள் மட்டும் தனியாகப் பிரிந்து வருவார்கள். அவர்களுக்கான பக்கமும் தானாக அச்சாகும். அதற்குப் பிறகு பக்கம் இல்லையென்று பொலிஸ் வாசலிலிருந்து ஒருவரும் திரும்பி வரவில்லை. தங்கள் நிலையத்திலேயே இப்படியொரு வசதி கிடையாது என்று சார்ஜன் சிங்களத்தில் பாராட்டினார். பாலேஸ்வரி மகிழ்ந்துதான் போனார். முப்பது வருட அரச சேவையில் யாரும் அவரைப் பாராட்டியதில்லை.

2008 சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, சார்ஜனோடு வெளியூர் அதிகாரி ஒருவர் வந்தார். அவருக்குப் படிவங்கள் வேண்டாம். பொத்தான்தான் வேண்டும்.

"அந்தப் பட்டியலை இப்போதே அச்சடித்துத் தாருங்கள்" என்றார்.

பாலேஸ்வரியின் பக்கம் திரும்பியிருந்த திரையில் முப்பத்தொரு பெயர் வந்தது. ஞானசுந்தரம் பல்லேபொலவுக்கு யாருடையதோ கடிதங்களைக் கொடுக்கப் போயிருந்தான். சார்ஜன் பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் சொல்லிவிட்டு அதிகாரியை வெளியே அழைத்துப் போனார். பாலேஸ்வரிக்கு ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் கிடைத்தது.

அந்த நேரத்தில் கணினி பழுது என்று சொல்லியிருக்கலாம். மின்சாரத்தையே நிறுத்தியிருக்கலாம். முப்பது வருடம் அரசாங்கம் கேட்டதைக் கொடுத்துப் பழகிய கைக்கு அது தோன்றவில்லை. தோன்றியது ஒன்றுதான். ஏழாம் நம்பரை அழித்தார். நிரல் உடனே பட்டியலை ஒன்று முதல் முப்பது வரை ஒழுங்காக எண்ணித் தந்தது. அப்படித்தான் அவர் அதை எழுதியிருந்தார். தாளைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது.

முப்பது பேரையும் ஒரு பாடசாலை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். படிவத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததையே வாயால் கேட்டார்கள். வெறுந்தேநீர் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு முப்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

சார்ஜன் ஒழுங்கான மனிதர். வேலையை முடிக்குமுன் நிலையத்திலிருந்த பிரதிகளை எண்ணினார். மேலதிகப் பக்கத்தோடு முப்பத்தொன்று இருந்தது. பட்டியலில் இல்லாத அந்த ஒன்றின் மூலையில் பாலேஸ்வரியின் நிரல் ஏழு என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. தங்கியிருக்கும் வீட்டின் விலாசமும் அவருடையதுதான். பட்டியலில் இருந்த முப்பது பேரும் சாதாரண ஆட்கள். பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவன் சாதாரண ஆளாக இருக்க முடியுமா? அதிகாரியின் நியாயத்தில் ஓட்டை இல்லை.

ஐந்து மணிக்குப் பல்லேபொல பஸ்ஸிலிருந்து இறங்கிய ஞானசுந்தரம், காத்திருந்த பொலிஸார் கேட்குமுன்னரே சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். அதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் இல்லை.

பாலேஸ்வரியை நான்கு மாதம் வைத்திருந்தார்கள். வேறு யார் யாரை மறைத்தாய் என்பதே கேள்வி. வேறு ஒருவருமில்லை என்ற பதிலை ஒருவரும் நம்பவில்லை. வெளியே வந்தபோது தங்கை வந்திருந்தாள். திட்டவில்லை.

"அக்கா, நீ ஒண்டும் செய்யாமல் இருந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள்.

2009இல் யுத்தம் முடிந்தது. பதிவும் தளர்ந்தது. ஞானசுந்தரம் எங்கே என்று கேட்டுப் பாலேஸ்வரி ஐந்து இடங்களுக்கு மூன்று மொழியில் கடிதம் எழுதினார். இரண்டு இடங்களிலிருந்து கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. தடுப்புப் பத்திரம் இன்னும் திருத்தப்படவில்லை. அதில் உள்ள முப்பத்தைந்து வயதுப் பொறியியலாளரை யாரும் தேடவும் இல்லை.

பாலேஸ்வரி செய்தது: முப்பத்தொரு பெயர் இருந்த பட்டியலில் தங்கையின் மகனுடைய பெயரை அழித்தார், மிச்சம் முப்பதையும் அச்சடித்துக் கொடுத்தார்.