இராசமலரின் பூத்தண்ணி

ஊரெல்லாம் தேயிலையைக் கறுக்கக் கறுக்கச் சாயமாக்கி, பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கடித்துக் குடித்த காலம் அது. இராசமலருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. புதினாவும் மல்லிகையும் ஆவரசம்பூவும் சுளகில் நிழலில் காய்ந்து, விசுக்கோத்துத் தகரப் பேணிகளில் சிலநாள் அடைபட்டுக் கிடந்து, பிறகு கொதிநீரில் விழுந்து மணந்தால்தான் அவளுக்குத் தேத்தண்ணி. முரசுமோட்டை வாய்க்கால் கரைச் சனம் அதற்குப் பூத்தண்ணி என்று பெயர் வைத்தது. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற கசாயத்தை இவள் சுகமாய் இருக்கும்போதே குடிக்கிறாளே என்று சிரித்தது. சிரிக்கட்டும். சிரித்தவர்களுக்கு நாக்கு இருந்தது, ருசி இருக்கவில்லை.

மத்தியானச் சமையல் முடிந்து வெயில் மெல்லச் சாயும் நேரம் அவளுடையது. குசினி வாசலில் காலை நீட்டி உட்காருவாள். கிளாசை மூடியிருக்கும் தட்டை விலக்கியதும் ஆவி எழும். முதலில் புதினா வந்து மூக்கைத் தொடும். அது போனபின் மல்லிகை வரும், வெட்கப்பட்டுக்கொண்டு. ஆவரசு கடைசியில், தொண்டைக்குள் இறங்கியபிறகுதான் தன்னைக் காட்டும். மற்றவர்கள் எல்லாரும் எச்சில்படாமல் அண்ணாந்து குடிப்பார்கள். பூத்தண்ணியை அண்ணாந்து குடித்தால் மணம் எங்கே போகும்? அவள் விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சுவாள். அதனால் அந்தக் கிளாசை வேறு யாரும் தொடுவதில்லை. கண்ணை மூடினால் வயலும் வாய்க்காலும் வரம்பில் நிற்கும் கொக்கும் எல்லாம் பச்சையாய்க் கரைந்துபோகும். தான் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே சற்று நேரம் மறந்துவிடும்.

கண்ணைத் திறந்ததும் நினைவு வரும். உடனே பெருமூச்சு விடுவாள்.

"தண்ணி சரியில்லை. என்ர கிணத்துத் தண்ணியெண்டால் இது அமிர்தமா இருக்கும்."

என்ர கிணறு என்று அவள் சொன்னது கடலோரக் காரைநகரில் இருந்த தாய்வீட்டுக் கிணற்றை. கலியாணத்துக்கு எழுதிய சீதன உறுதியில் வீட்டோடும் வளவோடும் கிணற்றுப் பங்கும் அவள் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் கிணற்றுப் பங்கு இல்லாத சீதனம் சீதனமே அல்ல. கணவன் பரமலிங்கத்துக்குக் குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைக்க, பங்கை அங்கேயே விட்டுவிட்டு அவனோடு வந்தாள். காடும் யானைப் பயமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் வருசம் வாய்க்காலோரக் கிணற்றுத் தண்ணீர் வாய்க்குச் சப்பென்று இருந்தது என்று அழுதாள். வயல்வேலை விடாததால் ஊர்ப்பக்கம் ஒருமுறை போய்வரவும் வாய்க்கவில்லை. பின் வந்த வருசங்களில் அழுகை நின்றது, குறை மட்டும் நிற்கவில்லை. இந்த வருசம் முடிவே கட்டிவிட்டாள்.

"நெல்லுச் சூடடிச்சு முடிய நான் போறன். இனி வரமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் வந்து வந்து பாத்திட்டுப் போங்கோ."

பரமலிங்கம் அதிகம் கதைக்கிற ஆள் அல்ல. அவளில்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மறித்துச் சொல்லவில்லை. சூடடிப்பு முடிந்த கையோடு அவளுடைய தாய்வீட்டுக்கு ஒரு மூட்டை புதுநெல் கொண்டுபோனவன், திரும்பும்போது பரந்தனில் ரயிலால் இறங்கி ஒரு புது மண்முட்டியை மடியில் வைத்த குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"ரயிலில எல்லாரும் கள்ளெண்டு நினைச்சுப் பக்கத்தில பக்கத்தில வந்து இருந்தாங்கள்" என்று சிரித்தான். "உம்மட சீதனம். இந்தாரும். போக முந்தி ஒருக்கா இதிலையும் ஊத்திக் குடிச்சுப் பாரும்."

இராசமலர் முட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். அடுத்த காணிக் கமலாசனியையும் கூப்பிட்டாள். எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கக்கா" என்று சொல்லி வைக்கிற நல்ல பிள்ளை அவள். இருப்பதில் நல்ல மல்லிகை, அன்று காலை கிள்ளிய புதினா, தாராளமாய் ஆவரசு. தண்ணீர் கொதித்தது, பூக்கள் விழுந்தன, மூடினாள், திறந்தாள். மணம் என்னவோ வழக்கம்போலத்தான் வந்தது. கண்ணை மூடி ஒரு மிடறு உறிஞ்சினாள்.

கரித்தது.

முட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். அதுவும் கரித்தது.

"எந்தக் கிணத்தில அள்ளினனீங்கள்?" என்று கணவனிடம் பாய்ந்தாள்.

"உம்மட கிணத்திலதான். உம்மட அம்மா என்னை அள்ள விடேல்லை. பிள்ளை குடிக்கிறதெண்டு தானே அள்ளி, துணியால வடிச்சுத் தந்தவா."

கமலாசனி அண்ணாந்து ஒரு வாய் விட்டாள். "உவர்த் தண்ணி அக்கா" என்றாள், இந்த ஒருமுறை வாய்தவறி.

இராசமலர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பிறந்த நாளிலிருந்து குடித்த தண்ணீர். அது என்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மாறியது தன் நாக்கு. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எந்த மத்தியானத்தில், எந்த மிடற்றில் அது இந்த மண்ணுக்குக் குடிவந்தது? அவளுக்கு அழுகை வந்தது. தாயை விட்டு ரயிலேறிய அன்று வராத அழுகை.

பரமலிங்கம் பயந்துபோனான். "அழாதையும். நாளைக்கே கொண்டுபோய் விடுறன். கொஞ்ச நாளில பழையபடி பழகிடும்."

பழகிவிடும் என்பது அவளுக்கும் தெரியும். பழகினால் இந்த வாய்க்காலோரத் தண்ணீர் வாயைவிட்டுப் போய்விடும். அதில் இறங்குகிற மல்லிகையும் ஆவரசும் அதோடு போய்விடும்.

கிளாசைத் திரும்ப எடுத்தாள். கரிப்போடு கரிப்பாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தாய் வடித்துத் தந்த தண்ணீரைக் கீழே ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் போகேல்லை" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதை அம்மாவிட்டை நானே போய்ச் சொல்லுறன். நீங்கள் இந்தத் தண்ணி கரிச்சதை மட்டும் அவவிட்டை ஒருநாளும் சொல்லிப்போடாதேங்கோ. கேட்டால், தண்ணி தேன்மாதிரி இருந்ததெண்டு சொல்லுங்கோ."