காரங்காட்டுக் கயாக்கில் எழுந்து நின்றவர்

காலை 6.20. ராமநாதபுரத்தில் தொண்டி பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காரங்காடு விலக்குக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். விலக்கிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது.

இந்த ஊர்ப் பெயரை என்னளவுக்கு எழுதியவர் எவரும் இருக்க முடியாது. ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே பதினெட்டு வருஷம் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். பாஸ்போர்ட் படிவம் நிரப்புவதுதான் முக்கால்வாசி வேலை. கடற்கரை இளவட்டங்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவன் புகைப்படத்தைப் பார்த்து ஒருவன் சிரிப்பான். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. அவர்கள் விட்டுவிட்டுப் போன ஊரை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

7.45. படகுத்துறையில் ஈ காக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வந்தால் கூட்டத்துக்கு முந்திவிடலாம் என்று கணக்குப் போட்ட என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல! மாதா கோயிலில் பூசை முடியாமல் இந்த ஊரில் யாரும் துடுப்பைத் தொட மாட்டார்கள்.

9.00. கோயில் சேலைக்கு மேலேயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார் ஜெசிந்தா. இங்கே கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டுபவர்களில் மூத்தவர். பின்னால் கணவர் அருளப்பன். பஹ்ரைனில் மீன்பிடி வேலை, விடுப்பில் வந்திருக்கிறார்.

“வெள்ளிக்கிழமை டிக்கெட்டுண்ணே. பிள்ளை பிறந்தப்பவும் இவரு இல்ல, அது கோயில்ல முதல்தடவை புதுநன்மை வாங்குனப்பவும் இல்ல. இங்கனயே இருங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். வாடைக்காத்து அடிச்சா கடலுக்குப் போக முடியாது. ஆனா இந்தக் காட்டுக்குள்ள தண்ணி அசையாது. பன்னெண்டு மாசமும் ஓட்டலாம்” என்றார் ஜெசிந்தா.

கயாக் ஓட்டும் குழுவில் சேர, ஒரு பயணியைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டுமாம். இன்றைக்கு அருளப்பனுக்கு அந்தச் சோதனை. பயணி, நீச்சல் தெரியாத நான்.

9.30. இருபுறமும் அலையாத்தி மரங்கள், நடுவில் பச்சைத் தண்ணீர். நான் முன்னால், அருளப்பன் பின்னால். திடீரென ஒரு கூட்டம் மீன் துள்ளியது. “மடவைண்ணே!” என்று எழுந்து நின்றுவிட்டார். வள்ளத்தில் நின்றுகொண்டே மீன் பார்த்துப் பழகிய உடம்பு அது. கயாக் புரண்டது. தண்ணீர் நெஞ்சளவுதான், பயம் தலைக்கு மேல். என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சேற்றில் நிறுத்தினார்.

நனைந்து கரைக்கு வந்ததும் ஒரே சிரிப்பு. “ஏலே அருளு, நடுக்கடல்ல கவுறாதவனைக் கால்வாய் கவுத்திருச்சே!” என்றார் ஒருவர். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

“இது எனக்கு ஆவாது. நான் வெள்ளிக்கிழமையே போறேன்” என்று அருளப்பன் சட்டையைப் பிழிந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேரை வழியனுப்பியவன் நான். ஒருவரையாவது நிறுத்திப் பார்க்கலாமே என்று ஒரு வீம்பு. சொட்டச் சொட்ட மறுபடியும் கயாக்கில் போய் உட்கார்ந்தேன்.

“நான் இன்னும் காட்டையே பாக்கலை. துடுப்பை எடுங்க” என்றேன்.

10.15. அதே வளைவில் மறுபடியும் மடவை துள்ளியது. கயாக் லேசாக ஆடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“உக்காந்துதாண்ணே இருக்கேன்” என்றது பின்னாலிருந்து குரல்.

11.00. பத்திரமாகக் கரையேறியதும் அருளப்பன் ஏஜென்டுக்குப் போன் போட்டார். “டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருங்க. சம்பளத்துக்காக இல்லண்ணே. ஊர்லயே இருக்கப்போறேன்.” என் ஜாக்கெட்டைக் கழற்ற வந்த ஜெசிந்தா, கழற்றிய கொக்கியை மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார்.

“உங்க பிள்ளைங்கல்லாம் எங்கனண்ணே?” என்று கேட்டார்.

“ஒரே பையன். ஷார்ஜாவுல.”

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார் ஜெசிந்தா.

பகல் 1.00. மடவைக் குழம்பு. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அந்தச் சாப்பாடுதான் மனதில் நின்றது. ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் நானும் மனைவியும் போனைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, அதனோடு பேசிக்கொண்டே சாப்பிடுவோம். அங்கே அவர்களுடைய ஒன்பது வயது மகள், அப்பாவின் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவர் முள் பார்த்துத் தின்னச் சொன்னார்.