சொந்தப் பேப்பரே கவிழ்த்த சிட்டிபாபு

சிட்டிபாபுவை அவருடைய எதிரிகள் யாரும் கவிழ்க்கவில்லை. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டது 'பாலாறு முரசு' என்கிற வாரப் பத்திரிகை. அதன் நிறுவனர், ஆசிரியர், வெளியீட்டாளர் மூவரும் சிட்டிபாபுவே.

ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் பேப்பர் போட்டவர். அடுத்தவன் பேப்பரை எத்தனை காலம்தான் வீசுவது என்று தோன்றியதும் சொந்தமாக ஒன்று ஆரம்பித்தார். டீக்கடை மாடியில் ஆபீஸ், வாலாஜாபாத்தில் அச்சு. காதுகுத்து வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும்தான் பத்திரிகைக்குச் சோறு போட்டன. விளம்பரத்தில் யார் தலை எந்த அளவு என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தலைவருக்கு இளநீர் அளவு, மாவட்டச் செயலாளருக்கு எலுமிச்சை அளவு, மற்றவர்களுக்கு ஸ்டாம்ப் அளவு. "எழுத்த எவன்பா படிக்கிறான்? தலையத்தான் பார்ப்பான்" என்பார். இப்படி மற்றவர் தலைகளை அளந்து அளந்தே ஒருநாள் கட்சியில் சீட் வாங்கிக் கவுன்சிலரும் ஆனார்.

அடுத்த தேர்தலில் அவருடைய வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சிட்டிபாபு அசரவில்லை. வீட்டில் பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த மனைவி ரேணுகாம்பாளைக் கூப்பிட்டார்.

"கையெழுத்து போடு. மீதிய நான் பாத்துக்கிறேன்."

"நான் இன்னாயா பண்ணணும்?"

"கும்பிடணும். அவ்ளோதான்."

ரேணுகாம்பாள் கும்பிட்டார், ஜெயித்தார்.

சாக்கடை அடைத்தால் ஓடியது சிட்டிபாபு. தண்ணீர் வராவிட்டால் அதிகாரியிடம் கத்தியது சிட்டிபாபு. பத்திரிகையில் வந்ததோ, 'மக்கள் நாயகி ரேணுகாம்பாள் நேரில் ஆய்வு!' மனைவி பெயரை வளர்த்துவைத்தால் வார்டு வீட்டைவிட்டுப் போகாது, ஒதுக்கீடு நீங்கியதும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். மாமன்றக் கூட்டத்துக்குள் கணவர்களை விடமாட்டார்கள். அதனால் ரேணுகாம்பாள் உள்ளே போவதற்கு முன்பே 'அனல் பறக்கப் பேசினார்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் மற்ற கணவர்களோடு போண்டா சாப்பிடுவார்.

முதல் சில கூட்டங்களில் ரேணுகாம்பாள் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார். செய்தி ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதால் சிட்டிபாபுவுக்கு அது தெரியாமலே போயிற்று.

இந்த முறை வார்டு பொதுவானது. 'மக்கள் அழைக்கிறார்கள்' என்று ஒரு தலையங்கம் எழுதிவிட்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு மாவட்டச் செயலாளர் ராமலிங்கத்தைப் பார்க்கப் போனார்.

"வாப்பா சிட்டி. சீட்டு உங்க வீட்டுக்குத்தான்."

"சந்தோஷம்ணே. நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிடறேன்."

"ஆரம்பி, ஆரம்பி. தங்கச்சிக்கு நீ செய்யாம வேற யாரு செய்வா?"

"தங்கச்சிக்கா? அண்ணே, வார்டு பொதுவாயிடுச்சிண்ணே. நான்தான்…"

"பொதுன்னா பொம்பளைங்க நிக்கக் கூடாதா? போன வாரம் அதுவே வந்து கேட்டுச்சிபா. பேர் குடுத்துட்டேன்." ராமலிங்கம் மேஜைமேல் கிடந்த 'பாலாறு முரசு' இதழ்களைத் தட்டினார். "அஞ்சு வருஷமா நீ இன்னா எழுதிக்கினு இருக்கிற? மழைல எறங்கி நின்னது தங்கச்சி. பைப்பு போட்டது தங்கச்சி. உன் பேரு ஒரு வரி இருக்குதா, காட்டு."

"அதெல்லாம் நான் பண்ணதுண்ணே!"

"அப்போ பத்திரிகைல பொய்யா போட்ட?"

இதற்குச் சிட்டிபாபுவிடம் பதில் இருந்தது. சொன்னால் பத்திரிகை போய்விடும், சொல்லாவிட்டால் சீட் போய்விடும். கொடுத்திருந்த காபியை ஒரே மடக்கில் குடித்து, "காபி நல்லா இருக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

வீட்டில் ரேணுகாம்பாள் மடியில் புடவையோடு உட்கார்ந்திருந்தார்.

"கூடவே இருந்துக்கினு முதுகுல குத்திட்டியேடி. என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"என் வார்டுடி அது!"

"நீதான்யா வாராவாரம் எழுதுன, அது என் வார்டுன்னு. நானும் படிச்சேன். மொதல்ல சிரிப்பு வந்துது. அப்புறம், இவ்ளோ நல்ல பொம்பளைய ஏன் வீணாக்கணும்னு நெஜமாவே பேச ஆரம்பிச்சிட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உள்ள இன்னா பேசுனன்னு ஒரு நாளாவது கேட்டியா நீ?"

கேட்கவில்லைதான். எதிரி காலை வாரினால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். வீட்டிலேயே வாரினால் எங்கே போய்ச் சொல்வது? பத்திரிகையில் போடலாம் என்றால், இந்தச் சதியில் முதல் கூட்டாளியே அதுதான். சாப்பிடாமல் ஆபீஸுக்குக் கிளம்பினார். பின்னாலிருந்து குரல் வந்தது: "நல்லா எழுதுயா. எப்பவும் எழுதுவியே, அந்த மாதிரி."

ஆபீஸில் பக்கம் அமைக்கும் திரிஷா கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தாள்.

"தலைப்பு போட்டுக்கோமா. 'வார்டில் நடந்த வேலைகள் அத்தனையும் செய்தவர் சிட்டிபாபுவே.'"

பாதியில் அவள் விரல் நின்றது. "அப்போ இத்தினி நாளா நாம போட்டது, சார்?"

சிட்டிபாபு திரையில் இருந்த பாதித் தலைப்பைப் படித்துப் பார்த்தார்.

"அழிச்சிடு" என்றார்.

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருட்டடிப்பு, துரோகம், பச்சைத் துரோகம் என்று நல்ல நல்ல வார்த்தைகளாக நெஞ்சில் வந்து முட்டின. விரல்களுக்குப் பழக்கம் வேறு. அவரைக் கேட்காமலே அடித்தன: 'மக்கள் நாயகி ரேணுகாம்பாள் மீண்டும் களத்தில்!'

திரிஷா பக்கத்தை நிரப்பினாள். தலைவர், இளநீர். ராமலிங்கம், எலுமிச்சை. நடுவில் இரண்டு கையும் கூப்பியபடி ரேணுகாம்பாள், இதுவரை அந்தப் பத்திரிகையில் இல்லாத ஓர் அளவில், பப்பாளி.

"சார், உங்க போட்டோ?"

"கொஞ்சம் பெருசா போடுமா."

"பெருசா போட்டா செயலாளர் காது வெட்டுப்படுது சார். கீழ ஓரத்துல ஒரு ஸ்டாம்ப் சைஸ்தான் இருக்குது. பேருக்குக் கீழ இன்னா போடறது, நிறுவனர்னா?"

சிட்டிபாபு திரையில் தன் தலையைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

"'வேட்பாளரின் கணவர்'னு போடு" என்றார். "எழுத்த எவன் படிக்கப்போறான்."